உள்ளேன் டீச்சர்!

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். குழம்பை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் சென்னையிலிருந்து போன் செய்தான். பெயர் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. நலம் விசாரித்து முடித்த பிறகும் போனை வைக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தான். ஆறாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த நாளிலும் இப்படித்தான் இழுப்பான்.

"என்னடா விஷயம்?" என்றேன்.

"எங்க ஆபீஸ்ல ரெட்ரோன்னு ஒண்ணு உண்டு டீச்சர். ஒரு வேலை முடிஞ்சதும் டீம்ல எல்லாரும் சேர்ந்து உக்காருவோம். எது நல்லா போச்சு, எது சரியில்ல, அடுத்த தடவை என்ன மாத்தணும்னு பேசணும். கலர் கலரா சீட்டு எழுதி ஒட்டுவோம். போன வாரம் நடந்ததுலேருந்து எனக்குத் தூக்கம் வரலை டீச்சர்."

நடந்தது இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு புதிதாக எதையோ மாற்றி வெளியிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை முழுக்க வாடிக்கையாளர் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. கூட்டத்தில் எல்லோரும், "டெஸ்டிங் பொண்ணு சரியா பாக்கலை" என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் ஏற்கெனவே வேலையை விட்டுப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தவள். அதனால் எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. ஆனால் முந்தின நாள் அவளிடம், "இது சின்ன மாத்தம்தான், இதைத் தனியா பாக்க வேண்டாம்" என்று சொன்னது இவன்தான்.

"நான் வாயைத் திறக்கலை டீச்சர். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கலை. பேசாம இருந்தது தப்பா டீச்சர்?"

நான், "அடுப்புல பால் வச்சிருக்கேன்டா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வி 1993-இல் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிந்த வேலையைப் பற்றி உட்கார்ந்து பேசுவது எனக்குப் புதிதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது 'கிரிட்டிசிசம் கிளாஸ்' என்று ஒன்று வைப்பார்கள். ஒருவர் பாடம் நடத்த வேண்டும். மற்ற பயிற்சி மாணவிகள் வகுப்பின் பின்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து குறை சொல்வார்கள். "கரும்பலகையில் எழுத்து கோணல்." "கேட்ட பிள்ளையையே திரும்பத் திரும்பக் கேட்டார்." "துணைக்கருவியைக் காட்டிவிட்டு உள்ளே வைக்கவில்லை." என் முறை வந்த அன்று விடுதிக்குப் போய் அழுதேன். மறுவாரம் வேறொருத்தி பாடம் நடத்தியபோது, நான் பின்னால் உட்கார்ந்து அவளிடம் 11 குறை கண்டுபிடித்தேன்! அப்போது நான் கற்றது பிறர் குறையை எண்ணும் கணக்கு. அது தப்புக் கணக்கு என்று தெரிய ஒன்பது வருஷம் ஆயிற்று.

1984-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எங்களுக்கு வாய்த்த ஹெச்.எம். சார் பழைய காலத்து மனிதர். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, சட்டைப்பையில் மை கசிந்த கறை. பள்ளியில் எந்தக் காரியம் முடிந்தாலும், அது சுதந்திர தின விழாவானாலும் விளையாட்டுப் போட்டியானாலும், மறு வேலைநாள் சாயங்காலம் மணி அடித்த பிறகு வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்சு போடச் சொல்வார். டீயும் வடையும் அவர் செலவு. ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர், ஆயா என்று எல்லோரும் உட்கார வேண்டும். கையில் இரண்டு குயர் நோட்டு ஒன்று வைத்திருப்பார்.

கேள்வி மூன்றுதான். "என்ன செய்யணும்னு நெனச்சோம்? என்ன நடந்துச்சு? நடுவுல எங்க விட்டுப்போச்சு?" பதிலைத் தேதி போட்டு எழுதுவார். அடுத்த வருஷம் அதே விழா வரும்போது முதல் காரியமாக அந்தப் பக்கத்தைப் பிரித்துப் படிப்பார். "போன வருஷம் மிட்டாய் 20 பத்தாம போச்சு." "கொடிக்கயிறு சிக்கிக்கிச்சு, முந்தின நாளே இழுத்துப் பாக்கணும்." எவ்வளவு பேசினாலும் அந்த நோட்டு மறுபடி பிரிக்கப்படாவிட்டால் பேசியதெல்லாம் வடையோடு போய்விடும் என்பார்.

இனி அந்தச் சுற்றுலாவுக்கு வருகிறேன்.

1993 ஜனவரி. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 54 பேர். ஒரே பஸ். ஹெச்.எம். சார், நான், இன்னொரு டீச்சர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷமே ஆன இளம் வாத்தியார் ஒருவர். காலையில் தஞ்சாவூர்ப் பெரிய கோவில், அரண்மனை. மாலையில் திருச்சி மலைக்கோட்டை. இரவு வீடு. இதுதான் திட்டம்.

பஸ்ஸின் வலப்பக்கம் 27 பேர், அது இளம் வாத்தியார் பொறுப்பு. இடப்பக்கம் 27 பேர், அது என் பொறுப்பு. ஒவ்வொரு இடத்திலும் ஏறியதும் எண்ண வேண்டும். தஞ்சாவூரில் சாப்பிட்டு ஏறும்போது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், ஜன்னல் ஓரம் வேண்டும் என்று வலப்பக்கத்திலிருந்து என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டான். வாத்தியார் 26 எண்ணினார், நான் 28 எண்ணினேன். கூட்டினால் 54. சரியாக இருந்தது.

திருச்சி போகிற வழியில் பிள்ளைகள், "சார், கல்லணை சார், கல்லணை சார்" என்று கத்தின. பாடத்தில் கரிகாலன் கட்டிய அணை என்று படித்த பிள்ளைகள். பாதை அந்தப் பக்கமாகத்தான் போகிறது. ஹெச்.எம். சார் மனமிரங்கி, "அரை மணி நேரம்தான்" என்று இறக்கிவிட்டார். மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி மூடுவது வழக்கம். அதற்கு இன்னும் நாள் இருந்ததால் ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி முக்கால் மணியானது. வெயில் இறங்கிவிட்டது. ஹெச்.எம். சார் விசிலை ஊதி, "ஏறு, ஏறு" என்று அவசரப்படுத்தினார். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பொரித்த மீனைத் தின்றுவிட்டு என் சேலை மேலேயே வாந்தி எடுத்தாள். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். வாத்தியார் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"டீச்சர், என் பக்கம் 26. அந்தப் பய உங்க பக்கம் இருக்கானா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்கான், இருக்கான். உங்களது சரி" என்றேன். பஸ் கிளம்பியது.

திருச்சியில் தெப்பக்குளத்தருகே இறங்கி வரிசையில் நிற்க வைத்து எண்ணினால் 53. இன்னொரு முறை எண்ணினோம். 53. அந்த ஏழாம் வகுப்புப் பையன் இல்லை. செல்போன் இல்லாத காலம். பிள்ளைகளை மற்ற இருவரிடமும் விட்டுவிட்டு, வாத்தியாரும் நானும் ஒரு வாடகை அம்பாசிடர் பிடித்துக் கல்லணைக்குத் திரும்பினோம். ஆற்றங்கரைச் சாலை. இருட்டு. வண்டி விளக்கில் அவ்வப்போது தண்ணீர் பளபளக்கும். அந்தப் பயணத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. வாத்தியார் முன் சீட்டில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

பையன் பூங்கா வாசலில் மாங்காய் விற்கும் ஒரு பாட்டியின் பக்கத்தில் கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாட்டி கடையை ஏறக்கட்டியும் வீட்டுக்குப் போகவில்லை. "ஆத்துப் பக்கம் போறேன், அங்க தேடுறேன்னு துள்ளுனான் தாயி. கையைப் புடிச்சு உக்கார வச்சுட்டேன். வாத்தியாருங்க வராம போவாங்களான்னேன்" என்றார். நான் அந்தப் பாட்டியின் காலில் விழுந்தேன். கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பையன் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டான். "நான் உங்க பக்கம்தானே டீச்சர் உக்காந்திருந்தேன். என்னைத் தேடலையா?"

முன் சீட்டிலிருந்த வாத்தியார் அதைக் கேட்டார். அவர் திரும்பவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டாயிற்று. டீ வந்தது, வடையை யாரும் தொடவில்லை. ஹெச்.எம். சார் வழக்கமான மூன்று கேள்வியைக் கேட்கவில்லை. எடுத்ததுமே, "வலது பக்கம் எண்ணினது யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்றார் வாத்தியார்.

"எத்தனை எண்ணினீங்க?"

"26."

"27 இருக்க வேண்டிய எடத்துல 26-ன்னா எப்படி வண்டியை எடுக்கச் சொன்னீங்க?"

வாத்தியார் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் பேசுவேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதில் அப்போது ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வருஷ சர்வீஸ். ஊரில் நல்ல டீச்சர் என்று பெயர். அவர் புதுசு, ஆண்பிள்ளை, தாங்கிக்கொள்வார். இவ்வளவுதான் ஓடியது.

"எண்ணினதுல தப்பு நடந்துடுச்சு சார்" என்றார் அவர். ஹெச்.எம். சார் நோட்டில் எழுதினார். கூட்டம் முடிந்தது. ஒரே வாரத்தில் ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு '26 சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில்கூட அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் ஹெச்.எம். சார் திரும்பவும் பெஞ்சு போடச் சொன்னார். விழா எதுவும் நடக்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டைத் திறந்து அந்தப் பழைய பக்கத்தைப் பிரித்தார்.

"இந்தக் கணக்கு எனக்கு உதைக்குது. 26-ன்னு சரியா எண்ணின மனுஷன், ஒண்ணு கொறையுதுன்னு தெரிஞ்சும் ஏன் வண்டியை விட்டாரு? இதுக்கு இந்தப் பக்கத்துல பதில் இல்ல. அன்னைக்கு நான் கேட்ட கேள்வியே தப்பு. யாரு எண்ணினதுன்னு கேட்டேன். எப்படி எண்ணினோம்னு கேட்டிருக்கணும். சரி, மொதல்ல என் பங்கைச் சொல்றேன். கல்லணை திட்டத்துல இல்ல. எறக்கிவிட்டது நான். நேரமாச்சுன்னு விசில் அடிச்சு உங்களை எண்ண விடாம விரட்டினதும் நான். இதை எழுதிக்கிறேன்."

சொன்னபடியே எங்கள் கண்முன் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்த சிறுமி, பின்னாலிருந்து வந்த கேள்வி, திரும்பாமல் நான் சொன்ன 'இருக்கான்', எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் எதுவும் பேசவில்லை. வாத்தியார்தான், "பரவால்ல டீச்சர். நானும் எழுந்து வந்து ஒரு தடவை பாத்திருக்கலாம்" என்றார்.

அதன் பிறகு அன்று பேசியது வேறு மாதிரிப் பேச்சு. ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். வரிசையாக எண்ணினால் இடம் மாறும் பிள்ளை தவறிப்போகிறது என்றார் ஒருவர். எண்ணிக்கை வேண்டாம், பெயர் கூப்பிடலாம் என்றார் இன்னொரு டீச்சர். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிட்டால் ஜோடியைக் காணோம் என்று அதுகளே கத்தும் என்று சொன்னது சத்துணவு ஆயா. கடைசியில் ஹெச்.எம். சார் நோட்டில் எழுதிய விதி இது: "ஒரு பிள்ளைக்காக இன்னொருவர் 'இருக்கிறான்' என்று சொல்லக் கூடாது. பிள்ளையே 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும். அதுவரை வண்டி நகராது."

என்னிடம் படித்தவர்களுக்கு இப்போது புரியும். சுற்றுலா போனால் பஸ்ஸில் ஏறும் ஒவ்வொரு முறையும் பெயர் கூப்பிட்டு 'உள்ளேன் டீச்சர்' சொல்ல வைத்து உங்கள் உயிரை வாங்கினேனே, அதன் காரணம் இதுதான். 2018-இல் ஓய்வு பெறும்வரை அந்த விதியை ஒரு நாளும் விட்டதில்லை. ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டு வந்ததும் இல்லை.

இந்தக் கதையை மாணவனிடம் சொல்வதற்கு முன், அவன் சொன்ன 'ரெட்ரோ' பற்றிக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்! அமெரிக்க ராணுவத்தில் 1970-களிலிருந்து ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் இப்படி உட்காருகிறார்களாம். என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று நான்கு கேள்வி. எங்கள் ஹெச்.எம். சாரின் மூன்று கேள்விக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே பதவியைப் பார்க்காமல் சிப்பாயும் அதிகாரியின் திட்டத்தைப் பற்றி வாய் திறக்கலாம் என்பது முறை.

அந்த நாட்டு விமானத் துறையில் 1976 முதல் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. விமானியோ மற்ற ஊழியரோ, நடந்த தவறையும் நடக்க இருந்து தப்பிய தவறையும் தாங்களாகவே எழுதி அனுப்பலாம். அதை வாங்கிப் படிப்பது தண்டனை கொடுக்கும் துறை அல்ல, நாசா. எழுதியவர் பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்வார்கள். அடி விழும் என்றால் எந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்? வகுப்பறையில் நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தானே இது!

நம் நாட்டுக் கதை உங்களுக்குத் தெரியும். 1979 ஆகஸ்ட் 10 அன்று அப்துல் கலாம் அய்யா திட்ட இயக்குநராக இருந்து செலுத்திய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அன்று பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் அவர்களே உட்கார்ந்து பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி பெற்றபோது கலாம் அய்யாவைப் பேசச் சொன்னார். இதை நானே காலை வழிபாட்டில் பல முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் இருந்த 11 மாதத்தைப் பற்றி நான் சொன்னதில்லை. அந்த மாதங்களில் உட்கார்ந்து ஆராய்ந்துதான் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் போனதைக் கண்டுபிடித்தார்கள். தலைவர் பழியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டதால், கீழே இருந்தவர்களுக்கு வால்வைத் தேட மனம் இருந்தது. அவர் ஒரு ஆளைக் கை காட்டியிருந்தால் எல்லோரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியைத்தான் தேடியிருப்பார்கள். குற்றங்கடிதல் அதிகாரத்தில் வள்ளுவரும் தலைவன் முதலில் தன் குற்றத்தை நீக்க வேண்டும், அதன் பிறகே பிறர் குற்றத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். அந்த வரிசை மாறக் கூடாது.

சொல்வது சுலபம். நானே தலைமையாசிரியை ஆனபோது என்ன செய்தேன் தெரியுமா? முதல் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம். வேஷம் கட்டிய பிள்ளைகள் இரவு ஒன்பது மணி வரை பசியோடு உட்கார்ந்திருந்தன. மறுநாள் ஹெச்.எம். சார் மாதிரியே பெஞ்சு போட்டேன், டீ வாங்கினேன். பிறகு நானே 20 நிமிஷம் பேசினேன். எங்கே தப்பு, யார் என்ன செய்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நானே சொல்லி முடித்து, "வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றேன். எல்லோரும், "இல்ல டீச்சர்" என்றார்கள். கூட்டம் சிறப்பாக முடிந்தது!

அன்று இரவு வீட்டில் அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் ஆயாவிடம் தனியாகக் கேட்டேன். "விருந்தாளி எப்பவும் லேட்டாத்தான் வருவாருன்னு எனக்குத் தெரியும் டீச்சர். புள்ளைங்களுக்கு ஆறு மணிக்கே சோறு போட்டுரலாம்னு நெனச்சேன். எங்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார். அதிலிருந்து முதல் பேச்சு ஆயாவுடையது, அடுத்து புதிதாகச் சேர்ந்தவர், கடைசியில்தான் நான் என்று ஆக்கினேன். அடுத்த வருஷம் பிள்ளைகள் ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டு ஆடின.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2012-இல் பெரியவள் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் எல்லோரையும் திண்ணையில் உட்கார வைத்து நான் நோட்டுப் போட்டபோது, "இது என்ன பள்ளிக்கூடமா?" என்று கோபித்துக்கொண்டு போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மூன்றாம் பந்தியில் ரசம் இல்லை, இலை இல்லை. சமையல்காரரைத் திட்டியபடி எல்லோரும் நின்றோம். நான் முதலில், "ஆள் கணக்கைக் குறைச்சுச் சொன்னது நான்தான்" என்றேன். சற்று நேரம் கழித்து எங்கள் பெரிய மாமா, "நானும் சொல்லாம ரெண்டு தெருவுக்குப் பத்திரிகை வச்சுட்டேன்மா" என்றார். திட்டியிருந்தால் அவர் வாயிலிருந்து அது வந்திருக்குமா? அந்த நோட்டு இன்றைக்குவரை நம் குடும்பத்தில் நான்கு கல்யாணத்துக்குப் போய் வந்துவிட்டது. இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. வைத்திருப்பவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும்.

இப்போது என் மாணவனுக்கு.

தம்பி, நீ கேட்டாய், பேசாமல் இருந்தது தப்பா என்று. தப்புதான்டா. ஆனால் உன் தப்பு மட்டும் இல்லை. 'யார்' என்று தொடங்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் வாய் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டியது. அந்தப் பெண் போய்விட்டாள், பிரச்சினை தீர்ந்தது என்று உங்கள் டீம் நினைக்கிறது. 'சின்ன மாத்தம்தான், பாக்க வேண்டாம்' என்று சொல்லும் பழக்கம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வேறொருவர் அதைச் சொல்வார்.

எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நீ அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளாதே. முதலில் அந்தப் பெண்ணுக்குப் போன் செய். பிறகு உன் மேலதிகாரியிடம் போய், "அந்தக் கணக்கு உதைக்குது சார், என் பங்கைச் சொல்றேன்" என்று தொடங்கு. கொஞ்சம் பெயர் கெடும். கெட்டால் கெடட்டும்.

ஏன் அவசரப்படுத்துகிறேன் தெரியுமா? நான் மரத்தடியில் உண்மையைச் சொன்னது அந்தப் பத்துப் பேர் காதோடு நின்றுவிட்டது. ஊருக்குப் போய்ச் சேரவில்லை. '26 சார்' என்ற பெயர் அதற்குள் ஊன்றிவிட்டது. நான் தெருவில் பிள்ளைகளை அதட்டினேன், நின்றபாடில்லை. அவர் அடுத்த வருஷமே மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சொந்த ஊர்ப் பக்கம் என்றுதான் காரணம் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு வாரம் முன்னால், அந்த முதல் திங்கட்கிழமையே நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பெயர் பிறந்தே இருக்காது.

எங்கள் ஹெச்.எம். சார் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்தப் பையன் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், ஆனா அந்த மாங்காப் பாட்டியை விட்டுராதீங்க" என்றான். விடவில்லை.

வாத்தியார் சார், நீங்கள் என் பதிவுகளைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறீர்கள். இந்த விஷயத்தை நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் சொல்லிவிடுகிறேன்: கல்லணையில் நீங்கள் சரியாகத்தான் எண்ணினீர்கள். 26 என்பது சரியான விடை. எண்ணாமல் பதில் சொன்னது நான். என்னை மன்னியுங்கள் சார்.

பிள்ளைகளா, உங்கள் அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில், கடையில், வயலில் ஒரு வேலை முடிந்ததும் இப்படி உட்காரும் பழக்கம் உண்டா? எப்படி நடத்துகிறீர்கள்? கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். ஒன்றும் எழுதத் தோன்றாதவர்கள் 'உள்ளேன் டீச்சர்' என்று மட்டுமாவது போட்டுவிட்டுப் போங்கள். எல்லோரும் வந்துவிட்டீர்களா என்று பெயர் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்